சேனைக்கிழங்கு ‘மற்றவை’யாம்

‘மற்றவை’யாம் சார், ‘மற்றவை’! கேட்டீங்களா கதைய? சேனைக்கிழங்கு சார்… ஒரு கல்யாணப் பந்தி சேனை வறுவல் இல்லாம எந்திரிச்சிருக்கா நம்ம பக்கம்? அதுக்குப் பேரு கெடையாதாம். தனி வரிசை கெடையாதாம். ‘மற்றவை’ன்டு ஒரு மூலையில தள்ளி வச்சிருக்கான். இங்க மட்டும் இல்ல, உலகத்துல எந்தத் துறைமுகத்துல கொண்டு போய் எறக்குனாலும் அதேதானாம்!

இருங்க, இருங்க. சேப்பங்கிழங்கு அரக் கிலோதான? போடுறேன். பைய இங்கிட்டு வைங்க. ஆனையூர்தான உங்களுக்கு? பஸ்ஸு நெறைய இருக்கு சார், என்ன அவசரம்? காலையிலருந்து பேச ஆளில்லாம உக்காந்திருக்கேன். பரவை மார்க்கெட்ல இம்புட்டுப் பேரு திரியிறாங்க, ஒருத்தன் நின்னு கேக்க மாட்டேங்குறான். என்னன்னா, எல்லாருக்கும் ஒரு தடவ சொல்லியாச்சு. ரெண்டாந் தடவ கேக்குறதுக்கு ஒரு பயலுக்கும் பொறும இல்ல. நீங்க புதுசு. நில்லுங்க.

அந்தா போர்டு தெரியுதா? ‘தங்கப்பாண்டி கிழங்கு மண்டி’. தங்கப்பாண்டி நாந்தான். அதுக்குக் கீழ பச்சப் பெயின்ட்ல புதுசா எழுதியிருக்கா? ‘அஸ்வினி எக்ஸ்போர்ட்ஸ்’. அஸ்வினி எம்மக. பிகாம் முடிச்சுட்டு, ஏத்துமதிக்குன்டு தனியா ஒரு படிப்பும் படிச்சுட்டு, லைசென்ஸ அது பேர்லயே எடுத்துருச்சு. அப்பா, நம்ம கிழங்கு பரவையில மட்டும் வித்தாப் பத்தாதுப்பா, கப்பல்ல போகணும்ன்டுச்சு. நான் என்ன சொல்றது? போகட்டும்ன்டேன். கப்பல்ல மனுசன் போறான், கிழங்கு போனா என்ன?

மலேசியாவுல கிள்ளான்ல அழகுபாண்டின்டு ஒருத்தர் கடை வச்சிருக்கார். நம்ம சோழவந்தான் பக்கத்து ஆளுதான். பொங்கலுக்கு சேனையும் சேப்பங்கிழங்கும் வேணும், நம்ம மண்ணு ருசி வேணும்ன்டு கேட்டார். அதான் மொத லோடு. பெட்டி பெட்டியாக் கட்டி, ஏசி கன்டெய்னர்ல ஏத்தி அனுப்பியாச்சு. அனுப்பி என்ன பிரயோசனம்? கப்பலே ஏறாம இங்க நம்ம துறைமுகத்துலயே நிக்கிது சார். போன வாரத்துலருந்து அசையாம நிக்கிது. பொங்கல் கழிச்சுப் போய்ச் சேந்தா அவரு அத வச்சு என்ன பண்ணுவாரு? அதுவரைக்கும் சேனை சும்மா கெடக்குமா? மொளை விட்டுரும். அப்பறம் கப்பல்லயே வெவசாயம் பாக்க வேண்டியதுதான்.

ஏன் நிக்கிதா? நம்பர் சார், நம்பர்! அந்த நம்பரத்தான் சொல்ல வாரேன்.

எங்கிட்டோ வெளிநாட்டுல ஒரு ஆபீஸ் இருக்காம். அங்க உக்காந்து, உலகத்துல விக்கிற வாங்குற அம்புட்டுக்கும் நம்பர் போட்டு வச்சிருக்கான். குண்டூசிக்கு ஒரு நம்பர். குதிரைக்கு ஒரு நம்பர், குதிரை மயிருக்கு வேற நம்பர். நம்ம தலமுடிக்குக்கூட இருக்கு சார், எனக்குத்தான் பிரயோசனப்படாது. அந்தப் புஸ்தகத்துல கிழங்குக்கு பூச்சியம் ஏழு ஒண்ணு நாலு. எம்பொண்டாட்டி போன் நம்பர் எனக்கு மனப்பாடமாத் தெரியாது, இது தெரியும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

சரி, கிழங்குக்குன்டு ஒரு வீடு. அந்த வீட்டுக்குள்ள ரூமு ரூமாப் பிரிச்சிருக்கான். மொத ரூமு மரவள்ளிக்கு. இருக்கட்டும், ஜவ்வரிசி ஆகுற கிழங்கு, பெரிய எடம். அடுத்த ரூமு சீனிக்கிழங்குக்கு, அதான் சக்கரவள்ளி. அதுவும் சரி, புள்ளைக திங்கிறது. அடுத்து யாமு, அதாவது நம்ம காச்சிக்கிழங்கு, வெத்தலவள்ளி அந்த வகையறா. அடுத்த ரூமு… சொன்னா நம்ப மாட்டீங்க… சேப்பங்கிழங்குக்கு! இந்தா, உங்களுக்கு நிறுத்துக்கிட்டு இருக்கேன்ல, இந்த வழுவழுப்புப் பயலுக்குத் தனி ரூமு! சரி போகட்டும்ன்டு அடுத்த ரூம எட்டிப் பாத்தா, யவ்டியாவாம். யவ்டியா! நீங்க பாத்திருக்கீங்களா? நானும் பாத்ததில்ல. இந்த மார்க்கெட்ல எவனும் பாத்ததில்ல. எங்கிட்டோ தென்னமெரிக்காவுல கெடக்குறவனாம். அவனுக்கு ரூமு குடுத்து, வாசல்ல பேரு எழுதி, நம்பரும் மாட்டியிருக்கு. நம்ம சேனை மட்டும் கொல்லப்பக்கம். ‘மற்றவை’!

நம்ம மதுரையில ஒரு காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் வச்சாக்கூட தாய்மாமன், பங்காளி, பக்கத்து வீட்டுக்காரன், பந்தலு போட்டவன் வரைக்கும் போட்டோவோட பேரு வருதா இல்லையா? ஒருத்தன் பேர விட்டுட்டு ‘மற்றும் பலர்’ன்டு போட்டுப் பாருங்க. கெடா வெட்டுறதுக்கு முந்தி அங்க வேற வெட்டு விழுந்துரும். மனுசனுக்கு இருக்க ரோசம் கிழங்குக்கு இருக்காதா? கிழங்குக்கு இல்லைன்னாலும் யாவாரிக்கு இருக்காதா?

இந்தா அடிக்கிது பாருங்க போனு. பாப்பாதான், எம்மக. அடிக்கட்டும். பெறகு பேசிக்கலாம்.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்… ஆங், ரோசம். நான் பாப்பாகிட்ட மல்லுக்கு நின்னேன் சார். ஏம்மா, இங்கிலீசுல சேனைக்கு என்ன பேரு? எலிபன்ட் ஃபுட் யாம். பேருலயே யாமுன்டு இருக்கு, தூக்கி அந்த யாமு ரூமுல போடும்மா, கௌரவமா இருக்கும்ன்டேன். அதுக்கு அது சொல்லுது, அப்பா, பேருல யானையுந்தான் இருக்கு, யானை நம்பர்ல போட்டுருவமான்டு. எகடாசி! பேரெல்லாம் கணக்குல எடுக்க மாட்டாங்களாம். செடி எந்தக் குடும்பம், எந்த வம்சம்ன்டு லத்தீன்ல பாக்கணுமாம். கிழங்குக்கு வம்சம் பாக்குறான் சார்! நம்ம வேணாம் வேணாம்ன்டு சொல்லிக்கிட்டிருக்கோம், அங்க புஸ்தகம் போட்டுப் பாக்குறான். சேனைக்கும் லத்தீன்ல ஒரு பேரு வச்சிருக்கான், முழ நீளத்துக்கு. அதுக்கு அர்த்தம் என்னம்மான்டு கேட்டேன். அது வேணாம்ப்பான்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு. என்ன கருமமோ.

உருளைக்கிழங்கு எந்த ரூமும்மான்டேன். அது இந்த வீடே இல்லையாம். அதுக்குத் தனி வீடு. தெருவுலயே மொத வீடு, பூச்சியம் ஏழு பூச்சியம் ஒண்ணு. பேருல கிழங்கு இருக்கு, ஆனா கிழங்குகளோட சேராதாம். நாலு காசு பாத்ததும் சொந்தக்காரனத் தெரியாதுங்கிற ஆளுக இருக்காங்கள்ல, அந்த ரகம். இஞ்சி, மஞ்சள்? மண்ணுக்குள்ளதான வெளையுது? அது மசாலாக் கூட்டமாம், வேற தெரு.

இன்னொண்ணு கேளுங்க. சேனைய முழுசா அனுப்புனா இந்த நம்பரு. வெட்டித் துண்டு போட்டு அனுப்புனாலும் இதே நம்பரு. காயப் போட்டாலும் இதே. மாவா அரைச்சா? போச்சு, வேற நம்பரு. எண்ணெயில வறுத்தா அது இன்னொரு நம்பரு. அவிச்சா… ம்… அவிச்சா அது காய்கறிக் கணக்குலயே வராதாம் சார். தயார் பண்ணுன சாப்பாடாம். அது புஸ்தகத்துல அங்கிட்டுத் தள்ளி வேற அத்தியாயத்துல… சரி, அவிச்ச கதை இப்ப எதுக்கு? அத விடுங்க.

மண்ணுக் கதைய சொல்றேன். ஒரு பொட்டு மண்ணு இருக்கக் கூடாதாம் சார் கிழங்குல. மண்ணுல பூச்சி இருக்கும், பூச்சி கப்பலேறிப் போய் அந்த நாட்டுல குடும்பம் நடத்தும்ன்டு சட்டம் வச்சிருக்கான். அழகுபாண்டி கேக்குறது நம்ம மண்ணு ருசி, சட்டம் கேக்குறது மண்ணே இல்லாத கிழங்கு. நான் யாரு பேச்சக் கேக்க? எம்பொண்டாட்டி பாண்டிமீனா பல்லு வெளக்குற பிரஷ்ஷ வாங்கிட்டு வந்து, ஒவ்வொரு சேனையாத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுனா. குழி இருக்கும்ல நடுவுல, அதுக்குள்ள விட்டுச் சுத்திச் சுத்தி… எனக்கு ஒரு நாள் முதுகு தேச்சு விட்டதில்ல சார் அவ. கழுவி முடிச்சுப் பாத்தா சேனை என்னமோ மாப்பிள்ள கணக்கா இருக்கு. மாப்பிள்ள கணக்கா இருந்து என்ன? பேரு ‘மற்றவை’.

சங்கத்துல பேசிப் பாத்தேன். சேனைக்குத் தனி வரிசை வேணும்ன்டு தீர்மானம் போட்டு அந்த வெளிநாட்டு ஆபீசுக்கு அனுப்புவோம், முடியாதுன்னா போஸ்டர் அடிப்போம்ன்டேன். ‘கிழங்குகளின் வேந்தனே’ன்டு போட்டு, மாலை போட்டாப்ல சேனை படம், கீழ என் போட்டோ. சங்கத் தலைவரு எல்லாத்தையும் கேட்டுட்டு, தங்கப்பாண்டி, மொதல்ல துறைமுகத்துல நிக்கிறத எடுக்குற வழியப் பாருங்கன்டுட்டு டீக் குடிக்கப் போயிட்டாரு. ஒத்துமை இல்ல சார் நம்மகிட்ட. இதுவே மல்லிகைப்பூவ ‘மற்றவை’ன்டு போட்டிருந்தா இந்நேரம் ஊரு சும்மா இருந்திருக்குமா?

இந்தாங்க, அரக் கிலோ. நல்லாப் பாத்துப் பொறுக்கிப் போட்டிருக்கேன், ஒண்ணு அழுகல் இருக்காது. இருங்க, அதுக்குள்ள பைய எடுத்தா எப்படி? இந்தா… இது என்னவா? பனங்கிழங்கு சார், இளங்கிழங்கு, வீட்ல அவிச்சது. நீங்க கேக்கலதான். கேட்டாக் குடுக்குறதுக்குப் பேரு யாவாரம், கேக்காமக் குடுக்குறதுக்குப் பேருதான கொசுறு? வேணாம்ன்டு சொல்லாதீங்க. எங்கப்பா காலத்துலருந்து இந்தக் கடைய விட்டு ஒரு பை மொட்டையா வெளிய போனதில்ல. கறிவேப்பிலையோ, ரெண்டு பச்ச மொளகாயோ, மார்கழின்னா பனங்கிழங்கோ… ஏதோ ஒண்ணு கூடச் சேந்துதான் போகும். கொசுறு போடாதவன் கடையில மறுபடி எவன் மிதிப்பான்?

என்ன கேட்டீங்க? அந்த நம்பர் தப்பான்டா?

அதத்தான சார் சொல்லிக்கிட்டு இருக்கேன். லோட நிப்பாட்டிட்டாங்கன்டு துறைமுகத்துலருந்து ஸ்ரீகுமார் போன் பண்ணுனாரு. ஸ்ரீகுமார்ங்கிறது அங்க நமக்குக் காயிதம் பாக்குற ஏஜென்ட்டு. நிப்பாட்டிட்டாங்கன்டதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நம்பர்தான்! நான் அப்பவே சொன்னேன்ல, யாமுல போடுன்டு! எனக்குச் சுர்ருன்டு ஏறிருச்சு. இந்தா, இந்த எடத்துல நின்னுதான் கத்துனேன். ‘படிச்ச திமிரு! அப்பன் பேச்சக் கேக்கல! நம்பரத் தப்பாப் போட்டு மொத லோட நிக்க வச்சிருச்சு!’ன்டு. மார்க்கெட்டே திரும்பிப் பாத்துச்சு. தேங்காய்க் கடைக்காரன், வாழைக்காய் மண்டி, இந்தா பக்கத்து எலக்கடை ஒச்சாயி, அம்புட்டுப் பேரும். பாப்பா இங்கதான் நின்னுச்சு, கையில பைலப் புடிச்சுக்கிட்டு. கண்ணு கலங்கிருச்சு. பைலக் கக்கத்துல வச்சுக்கிட்டு அப்படியே பஸ்ஸ்டாண்டுக்குப் போயிருச்சு, துறைமுகத்துக்கு. அங்க எங்க கொழுந்தியா வீட்ல தங்கிக்கிட்டு தெனம் கஸ்டம்ஸ் ஆபீசுக்கு நடக்குது.

ஒச்சாயி சிரிக்கிறா பாருங்க. ஏ ஒச்சாயி, வாழ எலைய வித்தமா, கல்லாவப் பாத்தமான்டு இரு. சாருகிட்ட நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல.

…நம்பர் சரிதான் சார்.

ஆமா. சரியாத்தான் போட்டிருக்கு. அந்த ஆபீசரே பாத்துட்டு, ‘யாரும்மா போட்டது? எல்லாரும் இத யாமுலதான் போட்டு மாட்டிக்கிருவாங்க, நீ கரெக்டாப் போட்டிருக்கியே’ன்டு கேட்டாராம். ஸ்ரீகுமார் சொன்னாரு. போஸ்டர் அடிக்கிறேன்டு சொன்னேன்ல, அதுல அந்த ஆபீசர் பேரையும் போடணும்… சரி, அத விடுங்க.

அப்பறம் எதுக்கு நிப்பாட்டுனாங்களா? அது ஒண்ணுமில்ல… சின்ன விசயம்… பெட்டியில ஒண்ணு ரெண்டப் பிரிச்சுப் பாப்பாங்களாம், வழக்கந்தானாம். பிரிச்சுப் பாத்திருக்காங்க. உள்ள சேனைக்கு மேல… பனங்கிழங்கு இருந்திருக்கு. அவிச்ச பனங்கிழங்கு. இன்னொரு பெட்டியப் பிரிச்சா அதுலயும். எல்லாத்தையும் பிரிச்சா எல்லாத்துலயும்.

யாரு வச்சாவா?

ஒச்சாயி, நீ வாய மூடுறியா இல்லையா? நானே சொல்றேன். நாந்தான் சார் வச்சேன்.

நீங்களே சொல்லுங்க. பாப்பா எல்லாத்தையும் எண்ணி, எடை போட்டு, டேப் ஒட்டி, ஸ்டிக்கர் ஒட்டிட்டு வீட்டுக்குப் போயிருச்சு. லாரி இன்னும் வரல. நானும் பெட்டிகளும் மட்டும் உக்காந்திருக்கோம். பாக்கப் பாக்க மனசு கேக்கல. அழகுபாண்டி நம்மகிட்ட மொத தடவ வாங்குறாரு. கடல் தாண்டிப் போகுது சரக்கு. அவரு பெட்டியத் தொறக்குறாரு, கேட்டது கேட்டபடி இருக்கு, ஒரு துரும்பு கூடுதலா இல்ல… என்ன நெனப்பாரு? பரவையில தங்கப்பாண்டி கை சுருங்கிப் போச்சு, மக வந்ததும் கடை மாறிப் போச்சுன்டு நெனைக்க மாட்டாரா? அன்னைக்குன்டு பாத்து வீட்ல ரெண்டு அண்டா நெறைய அவிச்சு வச்சிருந்தா, மறுநா யாவாரத்துக்கு. மஞ்சளும் உப்பும் போட்டு… வாசம் ஊரக் கூட்டுது. எடுத்தேன், வாழ நாருல கட்டுக் கட்டாக் கட்டுனேன், டேப்பப் பிரிச்சு பெட்டிக்கு ஒரு கட்டு வச்சேன், திரும்ப ஒட்டிட்டேன். ஒச்சாயிதான் பாத்துக்கிட்டிருந்தா. அவளும் அன்னைக்கு ஒண்ணும் சொல்லலையே! நாரு குடுத்ததே அவதான்!

கெடாதான்டு கேக்குறீங்க. மஞ்ச போட்டு அவிச்சது எப்படி சார் கெடும்… சரி, ஒரு வாரம் கப்பல்ல கெடக்கணும்ல… அத நான் யோசிக்கல.

ஆபீசரு என்ன கேட்டாராம் தெரியுமா? பேப்பர்ல இல்லாத சரக்கு பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சு? ஒரு பெட்டியில இருந்தா தவறி விழுந்துச்சுன்டு விட்டுறலாம். எல்லாத்துலயும் ஒரே மாதிரிக் கட்டி வச்சிருக்கீங்களே, மறைச்சு அனுப்புறீங்களா? இதுக்கு நம்பர் என்ன? மறைச்சாம் சார்! கொசுற எவனாவது மறைச்சுப் போடுவானா? அப்பறம் ஸ்ரீகுமார்தான் சொல்லியிருக்காரு, சார், இது ஏதோ கொசுறு மாதிரி தெரியுதுன்டு. சரி, அதுக்கு எந்த அத்தியாயம்ன்டு கேட்டாராம். எல்லாரும் புஸ்தகத்தத் தொறந்து பாத்திருக்காங்க. குண்டூசி இருக்கு. குதிரை மயிரு இருக்கு. அந்த யவ்டியா நாதாரி இருக்கான். கொசுறு இல்ல! விக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல, சும்மா குடுத்தேன்டு சொன்னா, அந்தப் புஸ்தகத்துல அதுக்கு எடமே இல்ல சார். இம்புட்டுப் பெரிய உலகத்துல ஒரு பய இன்னொருத்தனுக்குக் கொசுறு போட்டதே இல்லையா?

பாப்பாகிட்டச் சொல்லிட்டனாவா?

இல்ல.

போன்ல கேட்டுச்சு சார். ‘அப்பா, பெட்டிக்குள்ள பனங்கிழங்கு இருக்குப்பா, யாரு வச்சதுப்பா?’ன்டு. விசாரிக்கிறேன்மான்டு வச்சிட்டேன். மறுநாளும் கேட்டுச்சு. விசாரிச்சுக்கிட்டே இருக்கேன்மான்டேன். நான் என்ன சார் செய்ய? அதுக்கு முந்தியே மார்க்கெட் பூராம் சொல்லித் தொலைச்சிட்டேன்ல, எம்மக நம்பரத் தப்பாப் போட்டுருச்சுன்டு. சொன்னத மாத்திச் சொல்ல வாய் வரல. அதுனால அந்த ‘மற்றவை’யப் புடிச்சுக்கிட்டேன். ‘மற்றவை’யத் திட்டுறது சுளுவா இருக்கு. அது திரும்பக் கேக்காது.

ஆனா இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம். யாரு வச்சான்டு தெரியலைன்னா, லைசென்ஸ் யாரு பேர்ல இருக்கோ அவங்கதான் பொறுப்பாம். ‘என் கவனக்குறைவு’ன்டு எம்மக எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டா பேரு கெட்டுப் போகும் சார். அடுத்து அது எந்தச் சரக்க அனுப்புனாலும் அம்புட்டுப் பெட்டியையும் பிரிச்சு மேய்ஞ்சுட்டுத்தான் விடுவாங்களாம். கிழங்கு யாவாரம் பிரிச்சு மேய்ஞ்சாத் தாங்குமா? அதோட சரி, ‘அஸ்வினி எக்ஸ்போர்ட்ஸ்’ போர்ட நானே ஏணி போட்டு ஏறி அழிக்க வேண்டியதுதான். அந்தப் பச்ச எழுத்த அது தன் கையால எழுதுச்சு சார். ஆளு வச்சு எழுதலாம்மான்டேன், கேக்கல. எழுதி முடிச்சு எறங்கி வந்து, எனக்குப் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. மூஞ்சியெல்லாம் பெயின்ட்டு.

அந்தா, மறுபடி அடிக்கிது.

சார், நீங்க கொஞ்சம் எடுத்துப் பேசுறீங்களா? படிச்சவரு, பதவிசாச் சொல்லுவீங்க. கடையில வேலை பாக்குற ஆளுன்டு சொல்லுங்க. லோடுமேன்தான் தெரியாம வச்சிட்டாப்லன்டு… இல்ல இல்ல, அந்தப் பாவம் நமக்கு வேணாம். அப்பாவுக்கு நெஞ்சு வலின்டு சொல்லுங்க… அதுவும் வேணாம், பதறிருவா. என்னத்தையாவது சொல்லுங்க சார், எங்க கெளம்புறீங்க? பஸ்ஸு வரட்டும் சார்… சரி, நானே எடுக்குறேன், இருங்க, கிட்டக்கவாவது நில்லுங்க.

ஹலோ… ஆங், சொல்லும்மா. கேக்குது கேக்குது. எழுதிட்டியா? …இன்னும் எழுதலையா. …ம். இல்லம்மா, விசாரிச்சேன். லோடுமேன்கிட்ட… இல்ல, லோடுமேன் இல்லம்மா. அது வந்து… வெயிலு எப்படி இருக்கு அங்க? …இல்ல, பேச்ச மாத்தல. …பாப்பா, நீ அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போடாத. போடாத தாயி. நாந்தாம்மா வச்சேன்.

ஹலோ? …ஹலோ? …லைன்ல இருக்கியா?

என்னது? தெரியுமா? …எப்படித் தெரியும்? ஒச்சாயி சொன்னாளா? …முடிச்சா? …ஆமா, நான் எடக்கைக்காரன், நாரு முடிச்சு எதிர்ப்பக்கமாத்தான் விழும்… அது எனக்கே தெரியாதேம்மா, நீ எப்பப் பாத்த? …சின்னப் புள்ளையிலருந்தா. …அப்ப மொதப் பெட்டியப் பிரிச்ச அன்னைக்கே தெரியுமா ஒனக்கு? பெறகு எதுக்கு யாருப்பா வச்சா, யாருப்பா வச்சான்டு தெனம் என்னையப் போட்டு அறுத்த?

…நானா சொல்றனான்டு பாத்தியா.

…ம். …ம். தப்புத்தாம்மா. …ம்.

சரி, இப்ப என்ன செய்யணும்? …நான் அங்க வரணுமா? வந்து நாந்தான் வச்சேன்டு எழுதிக் குடுத்தா ஒன் பேருக்கு ஒண்ணும் வராதுல்ல? …வாரேன். இப்பவே கெளம்பி வாரேன். …ஆபீசர்கிட்டக் கேட்டுட்டியா? பனங்கிழங்க எடுத்துட்டா பெட்டிய விட்டுருவாங்களா, பொங்கலுக்குப் போயிருமா? நல்லவரும்மா அவரு. …யாரு எடுக்கணும்? நானா? ஒவ்வொரு பெட்டியா, என் கையாலயா? அம்மாடி, வேற ஆளு வச்சு எடுத்துக்கக் கூடாதா? போட்ட கொசுறத் திரும்ப எடுத்தவன்டு நம்ம வம்சத்துலயே ஒருத்தன் கெடையாதும்மா… அழகுபாண்டிக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாரு… சரி சரி, வைக்காத, எடுக்குறேன். எடுத்து என்ன செய்ய அம்புட்டையும்? அங்க இருக்க ஆபீசருகளுக்கு ஆளுக்கு ரெண்டு கையில… என்னது, லஞ்சமா? பனங்கிழங்கா? …சரிம்மா. மூச்சு விடல. திரும்பக் கொண்டு வந்துர்றேன்.

சார், பாத்தீங்களா, எம்புள்ள… சார்? எங்க சார்? …ஒச்சாயி, இங்க நின்ன சாரு எங்க? பஸ்ஸேறிட்டாரா? சேப்பங்கிழங்க எடுத்துட்டாரு, கொசுற மட்டும் தராசுல வச்சிட்டுப் போயிருக்காரு பாரு. அவரும் பயந்துட்டாரு போல.

இல்லம்மா, கடைக்கு வந்த ஆளச் சொன்னேன். நீ சொல்லு. …இன்னும் என்ன? …மார்க்கெட்லயா? இப்பவா? நான் வந்துட்டு, நாளைக்கு நிதானமா எல்லாருக்கும்… சத்தமாத்தான் சொன்னேன் அன்னைக்கு, ஆமா. …போன வச்சிட்டுச் சொல்றேனே. …வைக்கக் கூடாதா. நீ கேக்கணுமா.

…சரி.

ஏப்பா! எல்லாரும் செத்த இங்கிட்டுத் திரும்புங்க! தேங்காய்க்கடை, வாழைக்காய் மண்டி, எல்லாரும்! எம்மக அஸ்வினி போட்ட நம்பர் சரிதான்! பெட்டியில பனங்கிழங்கு வச்சது நாந்தான்! அது மேல ஒரு தப்பும் இல்ல!

கேட்டுச்சாம்மா? …அதையுமா? அது என் வாயால வேணாம்மா. அத மட்டும் விட்டுரு. …சரி, சரி, சொல்றேன்.

சேனைக்கிழங்கு… ‘மற்றவை’தான்!

கேட்டுச்சா? …என்னது? இன்னும் சத்தமாவா?